பொருள்களைத் தள்ளிவிடும் சிறுவன்: நடத்தைவழிக் கற்பித்தலின் சொற்களோடு ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறு வயதுச் சிறுவன். ஆட்டிசம் இருப்பது மூன்று வயதில் உறுதியானது. தானாகப் பேசும் சொற்கள் மிகச் சில. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது நிறைய. சுழலும் பொருள்கள் என்றால் உயிர். தண்ணீர், ஊஞ்சல் இரண்டும் பிடிக்கும். சிறப்பு வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் கழித்து வகுப்பு ஆசிரியர் எழுதி அனுப்பிய குறிப்பு இது: "மேசை வேலைக்கு உட்கார வைத்தால் பொருள்களைத் தள்ளிவிடுகிறான், கத்துகிறான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான். பிடிவாதம் அதிகம். எல்லாரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே செய்கிறான்." அப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும் அவனை எழுப்பி, சுவரோரம் இருக்கும் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். சில வாரங்களில் தள்ளுவதும் கடிப்பதும் குறையாமல் கூடின.

இது ஒரே குழந்தையின் வரலாறு அல்ல. வகுப்பறைகளில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளைச் சேர்த்து ஒரு சிறுவனாக அமைத்திருக்கிறேன். ஏபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் புழங்கும் சொற்களைப் பெற்றோரும் புதிய ஆசிரியர்களும் பட்டியலாக மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். வலுவூட்டல், ப்ராம்ப்ட், ஷேப்பிங், செயினிங் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் குழந்தை பென்சிலைத் தூக்கி எறியும் நொடியில் அந்தப் பட்டியலில் எதை எடுப்பது என்று தெரியாது. எல்லாச் சொற்களுக்கும் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் செயலால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? அதற்குப் பதில் தப்பினால் மற்ற உத்திகள் எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும் தப்பான திசையில்தான் போகும்.

பார்க்கக்கூடியதை எழுதுதல்

"பிடிவாதம்" என்பதை எண்ண முடியாது. இரண்டு பேர் ஒரே காட்சியைப் பார்த்து, ஒருவர் பிடிவாதம் என்றும் மற்றவர் பயம் என்றும் சொல்லலாம். அதனால் முதல் வேலை, செயல்முறை வரையறை எழுதுவது. இந்தச் சிறுவனுக்கு எழுதியது இப்படி: "தள்ளுதல் என்பது மேசைமேல் உள்ள பொருளைக் கையாலோ முன்கையாலோ மேசையை விட்டு விழும்படி நகர்த்துவது. எட்டி எடுக்கும்போது தவறி விழுவது இதில் சேராது. கடித்தல் என்பது தன் கையின் எந்தப் பகுதியிலாவது மேல் கீழ்ப் பற்கள் இரண்டும் படுவது. விரலை வாயில் வைத்துக்கொள்வது இதில் சேராது."

எது சேரும் என்பதோடு எது சேராது என்பதையும் எழுதுவது மிக முக்கியம். ஆசிரியரும் உதவியாளரும் தனித்தனியாக ஒரே நேரத்தில் எண்ணிப் பார்த்து, இருவரின் எண்ணிக்கை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட வேண்டும். பார்வையாளர் உடன்பாடு என்பது அதுதான். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வரையறையைத் திருத்தி எழுதுவது வழக்கம். பிறகு எதையும் மாற்றாமல், இப்போது நடப்பதை அப்படியே சில நாள் எண்ணி வைக்க வேண்டும். இதை அடிநிலை என்கிறோம். அடிநிலை இல்லாமல் தொடங்கிய திட்டத்தில், ஒரு மாதம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது" என்பதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

இந்த ஒழுங்கு 1968இல் இருந்து வருகிறது. அந்த ஆண்டு பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய கட்டுரை, ஒரு வேலையைப் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்று சொல்ல 7 தன்மைகள் வேண்டும் என்றது. எடுத்துக்கொள்ளும் நடத்தை அந்த மனிதரின் வாழ்க்கைக்கு முக்கியமானதாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இன்னொன்று, கிடைக்கும் மாற்றம் நடைமுறையில் உணரத்தக்க அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது. இந்த இரண்டையும் சுவரில் எழுதி வைத்தாலும் தகும் என்பேன்.

முன்னே என்ன, பின்னே என்ன

அடுத்தது ஏபிசி பதிவு. நடத்தைக்குச் சற்று முன் நடந்தது, நடத்தை, அதற்கு உடனே பின் நடந்தது என்று மூன்று பத்திகள். இந்தச் சிறுவனின் பதிவிலிருந்து சில வரிகள் தருகிறேன்.

முன்: ஆசிரியர் பென்சிலைக் கையில் கொடுத்து "கோடு போடு" என்றார். நடத்தை: பென்சிலையும் தாளையும் தள்ளினான். பின்: சுவரோர நாற்காலி, ஐந்து நிமிடம்.

முன்: புதிர்ப்பலகையின் கடைசித் துண்டை வைத்ததும் ஆசிரியர் இன்னொரு பலகையை எடுத்தார். நடத்தை: கத்தல், பிறகு மணிக்கட்டைக் கடித்தல். பின்: உதவியாளர் தண்ணீர் குடிக்க வெளியே அழைத்துப்போனார்.

முன்: ஆசிரியர் வேறு குழந்தையோடு இருந்தார், இவன் தனியாகச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நடத்தை: எதுவும் இல்லை.

மூன்றாவது வரி சாதாரணமாகத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய தடயம். கவனத்துக்காகச் செய்கிறான் என்றால், யாரும் கவனிக்காத அந்த நேரத்தில்தான் தள்ளுவது கூடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறாக இருந்தது. அதனால் நடத்தை நிகழும் இடங்களைப் போலவே அது நிகழாத இடங்களையும் பதிவு செய்யச் சொல்கிறேன். பெரும்பாலான பதிவுத் தாள்களில் அதற்கு இடமே இருப்பதில்லை.

ஒரு நடத்தை நீடிப்பதற்கான காரணங்களைப் பொதுவாக நான்காகப் பிரிப்பார்கள்: மற்றவரின் கவனம் கிடைப்பது, விரும்பிய பொருளோ செயலோ கிடைப்பது, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிப்பது, செய்கையே தரும் உடல் உணர்வு. இதைத்தான் நடத்தையின் செயல்பாடு என்கிறோம். இவற்றைச் சோதித்துப் பார்க்கும் முறையை ஐவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்டார்கள். கவனம் கிடைக்கும் சூழல், வேலை கொடுக்கும் சூழல், தனியாக இருக்கும் சூழல், விளையாட்டுச் சூழல் என்று மாற்றி மாற்றி அமைத்து, தன்னைத்தானே காயப்படுத்தும் நடத்தை எதில் கூடுகிறது என்று பார்த்தார்கள். சோதனைக்காகவே ஆபத்தான நடத்தையை வரவழைக்கும் முறை என்பதால், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் அதை வகுப்பிலோ வீட்டிலோ செய்து பார்க்கக் கூடாது. இங்கே அது தேவைப்படவும் இல்லை. பதிவுகளில் ஒரே கோலம் தெரிந்தது: வேலை வருகிறது, அதிலும் பென்சில் வேலை என்றால் உடனே, தள்ளுகிறான், வேலை போய்விடுகிறது.

அதாவது தப்பித்தல். சுவரோர நாற்காலியை ஆசிரியர் தண்டனையாகக் கொடுத்தார். சிறுவனுக்கு அது விடுதலையாக வந்து சேர்ந்தது. பென்சில் இல்லாத ஐந்து நிமிடம், அதுவும் கேட்ட உடனே, ஒவ்வொரு முறையும் தவறாமல். அந்த ஆசிரியர் அக்கறையுள்ளவர், பல குழந்தைகளைத் தனியாகச் சமாளிப்பவர். நாற்காலிக்குப் போனதும் அவன் அமைதியானான், அமைதியானது நடவடிக்கை பலித்ததாகத் தோன்றியது. அந்த அமைதி ஆசிரியரையும் அதே முறைக்குப் பழக்கிவிட்டது. பெரியவர்களின் நடத்தையும் இதே விதிகளுக்கு உட்பட்டதுதான்.

இங்கே ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நடத்தைக்குப் பின் வருவது எதுவோ, அதனால் அந்த நடத்தை வருங்காலத்தில் கூடினால் அது வலுவூட்டல். ஒன்று கிடைப்பதால் கூடினால் நேர் வலுவூட்டல். ஒன்று விலகுவதால் கூடினால் எதிர்மறை வலுவூட்டல். பலரும் எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எண்ணிக்கொள்கிறார்கள். தண்டனை நடத்தையைக் குறைக்கும். எதிர்மறை வலுவூட்டல் கூட்டும். இந்தச் சிறுவனின் தள்ளுதல் எதிர்மறை வலுவூட்டலால் வளர்ந்தது.

வலி இருக்கிறதா?

திட்டம் போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். பல் வலி, காது வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, பார்வைக் கோளாறு என எதுவும் நடத்தையாக வெளிப்படலாம். சொல்லத் தெரியாத குழந்தைக்கு வலியைக் காட்ட வேறு வழி கிடையாது. இந்தச் சிறுவனுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் தொழில்வழிச் சிகிச்சையாளர் பார்த்தபோது விரல் தசைகள் பலவீனமாக இருப்பது தெரிந்தது. பென்சிலைப் பிடித்து அழுத்துவது அவனுக்கு உண்மையாகவே கடினம்.

அந்தத் தகவல் வந்ததும் திட்டத்தின் பாதி மாறியது. செயல்பாடு "தப்பித்தல்" என்று எழுதிவிட்டு, எப்படியாவது தப்ப விடாமல் செய்வோம் என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எதிலிருந்து தப்பிக்கிறான், ஏன், என்ற கேள்வி அதற்கு முன் வர வேண்டும். தாங்க முடியாத வேலையிலிருந்து விலக நினைப்பது நியாயமான ஆசை. மாற்ற வேண்டியது அதைச் சொல்லும் வழியை, அதோடு வேலையையும்.

தள்ளுவதற்குப் பதில் ஒரு அட்டை

கார், டூராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். வேலை கடினமாக இருப்பதால் தொல்லை செய்த குழந்தைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்ற பொருளில் உதவி கேட்கவும், கவனத்துக்காகச் செய்தவர்களுக்குத் தங்கள் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். செயல்பாட்டுக்குப் பொருந்திய வாக்கியம் கற்றபோது தொல்லை குறைந்தது. பொருந்தாத வாக்கியம் கற்றபோது குறையவில்லை. செயல்பாட்டுத் தொடர்புப் பயிற்சி என்று இப்போது சொல்லப்படுவது இதிலிருந்து வந்ததுதான். பேசக் கற்றுக்கொடுத்தால் நடத்தை சரியாகும் என்று பொதுவாகச் சொல்வது போதாது. அந்தச் செயல் வாங்கித் தந்ததையே வாங்கித் தரும் சொல் வேண்டும்.

நம் சிறுவனுக்கு "இடைவேளை" என்ற படம் ஒட்டிய ஓர் அட்டை. வாய்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் உண்டு. பதற்றத்தில் அவனுக்குச் சொல் வராது. புதிய வழி பழைய வழியை விடச் சுலபமாக இருந்தால்தான் குழந்தை அதை எடுத்துக்கொள்ளும். அட்டையைத் தொட்டுக் கொடுக்க ஒரு நொடி போதும். கொடுத்ததும் வேலை அகற்றப்படும், அப்போதே, ஒவ்வொரு முறையும். தொடக்கத்தில் இடையறா வலுவூட்டல் என்பது இதுதான்.

கற்றுக்கொடுத்த விதம்: ஒருவர் எதிரில் உட்கார்ந்து வேலையைக் கொடுப்பார். இன்னொருவர் பின்னால் இருப்பார். சிறுவன் முகம் சுளித்து உடலைப் பின்னுக்கு இழுக்கும் நொடியில், கை தள்ளப் போவதற்கு முன்பே, பின்னால் இருப்பவர் அவன் கையை மெல்ல அட்டையின் மேல் கொண்டுபோவார். பேசமாட்டார். எதிரில் இருப்பவர் அட்டையை வாங்கி, "இடைவேளை" என்று சொல்லி வேலையை எடுத்துவிடுவார். கையைத் தொடுவது அவனுக்குப் பிடிக்காமல் போனால் உடனே விட்டுவிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அவன் கையை உதறவில்லை.

இந்த உதவிக்குப் பெயர்தான் ப்ராம்ப்ட். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, செய்து காட்டுவது, சுட்டிக்காட்டுவது, வாயால் சொல்வது என்று அதில் பல நிலைகள். ப்ராம்ப்ட் கொடுப்பது எளிது. எடுப்பதில்தான் கலை இருக்கிறது. எடுக்காமல் விட்டால் குழந்தை உதவிக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். வாய்ச்சொல்லால் தரும் உதவியை எடுப்பது எல்லாவற்றையும் விடக் கடினம் என்பது என் கணிப்பு. "என்ன வேணும்? கேளு, கேளு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கப்பட்ட குழந்தை, அந்தக் "கேளு" வராமல் கேட்காது. பின்னால் இருந்தவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். முழுக் கையைப் பிடித்தது முழங்கையைத் தொடுவதாகக் குறைந்தது, பிறகு அட்டையைப் பார்த்து ஒரு சைகை, அப்புறம் அதுவும் இல்லை. நடுவில் கால தாமதம் என்ற உத்தியும் சேர்ந்தது. உதவி தருவதற்கு முன் ஓரிரு நொடி, பிறகு இன்னும் சில நொடி காத்திருப்பது.

அட்டை கையில் வந்ததும் என்ன நடக்கும் என்று ஆசிரியரிடம் முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் அவர் கலங்கித்தான் போனார்.

"இப்போ வேலையே செய்றதில்லை மேடம். அட்டையை நீட்டிக்கிட்டே இருக்கான்."

"பொருளைத் தள்ளுறானா?"

"அது குறைஞ்சிருக்கு."

"அப்போ கேட்கக் கத்துக்கிட்டான். கொஞ்ச நாள் கேட்டதைக் கொடுங்க. குறைக்கிறது அடுத்த படி."

இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து அட்டையைப் பிடுங்கி வைத்துவிடும் வகுப்புகள் உண்டு. சொல்லிக் கேட்டால் கிடைக்காது என்று அன்றே குழந்தை தெரிந்துகொள்ளும். பழைய வழி இன்னும் வேகமாகத் திரும்பும்.

இனி, பழைய நடத்தைக்குக் கிடைத்துவந்த பலனை நிறுத்துவது. இதை எக்ஸ்டிங்ஷன் என்பார்கள். தள்ளினால் இனி நாற்காலி கிடையாது. பொருள் மெதுவாக மேசைக்குத் திரும்பும், அட்டையை நோக்கி ஒரு சைகை வரும், அட்டை தந்தால் இடைவேளை. பலன் நின்றதும் நடத்தை சில காலம் முன்பைவிட வேகமாக, பலமாக எழக்கூடும். இந்த எழுச்சியை எதிர்பார்க்காதவர்கள் திட்டம் தோற்றது என்று நினைத்து நடுவில் கைவிடுவார்கள். மிக உக்கிரமாகச் செய்தால்தான் பலன் கிடைக்கும் என்ற பாடம் அப்போது குழந்தைக்குப் போய்ச் சேரும். அதனால் கடித்துக்கொள்ளும் குழந்தையிடம் எக்ஸ்டிங்ஷனை மட்டும் தனியாகச் செய்வதை நான் ஏற்பதில்லை. மாற்று வழி முதலில் கையில் இருக்க வேண்டும். இங்கே அட்டை நன்றாகப் பழகிய பிறகே நாற்காலி எடுக்கப்பட்டது. எழுச்சி வந்தது, சில நாளில் தணிந்தது. கடிக்கும் நேரத்துக்காக மெத்தென்ற கைப்பட்டை ஒன்றும் வைத்திருந்தோம்.

அப்புறம்தான் வேலையின் அளவு மெல்லக் கூடியது. ஒரு துண்டு வைத்த பிறகு அட்டை. பிறகு இரண்டு துண்டு. பிறகு ஒரு பலகை. எவ்வளவு மீதி இருக்கிறது என்று அவனுக்குக் கண்ணால் தெரியும்படி செய்ய வேண்டிய துண்டுகளை ஒரு தட்டில் வைத்தோம். தட்டு காலியானால் முடிந்தது.

"வெரி குட்" வேலை செய்யாதபோது

வேலையிலிருந்து விடுபடுவது மட்டுமே பரிசாக இருந்தால் வேலை என்றும் வெறுப்புக்குரியதாகவே இருக்கும். வேலையிலேயே ஏதாவது நல்லது கிடைக்க வேண்டும். அதற்கு வலுவூட்டி, அதாவது நடத்தையைக் கூட்டும் பொருளோ செயலோ, எது என்று தேட வேண்டும். வகுப்பில் எல்லாருக்கும் கைதட்டலும் "வெரி குட்"டும் கிடைத்தன. கைதட்டினால் இவன் காதைப் பொத்திக்கொண்டான். பெரியவர் பரிசு என்று நினைத்துக் கொடுப்பதெல்லாம் வலுவூட்டி ஆகாது. அதன் பிறகு நடத்தை கூடுகிறதா என்பதே அளவுகோல்.

ஊகிக்காமல் தெரிந்துகொள்ள விருப்பத் தேர்வு மதிப்பீடு இருக்கிறது. ஃபிஷரும் குழுவினரும் 1992இல் விளக்கிய முறையில் பொருள்களை இரண்டிரண்டாகக் காட்டி எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். டிலியனும் ஐவாட்டாவும் 1996இல் விளக்கிய முறையில் பல பொருள்களை ஒன்றாகப் பரப்பி, எடுத்ததை விலக்கிவிட்டு மீதியைக் காட்டிக்கொண்டே போவார்கள். இரண்டாவது வேகமானது. நம் சிறுவன் சுழலும் விளக்கையும் சோப்புக் குமிழியையும் முதலில் எடுத்தான். அம்மா சொன்ன பொம்மை கார் கடைசியில் வந்தது. சென்ற மாதம் அது முதலில் இருந்திருக்கலாம். விருப்பம் மாறும் என்பதால் மதிப்பீட்டை அடிக்கடி செய்ய வேண்டும்.

ஒரே நாளுக்குள்ளும் மாறும். காலையெல்லாம் குமிழி ஊதி விளையாடியவனுக்கு மதியம் குமிழி பரிசாகாது. ஒரு பொருளின் மதிப்பைத் தற்காலிகமாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் நிலைமையை ஊக்க நிலை என்கிறோம்; 1982இல் ஜாக் மைக்கேல் இதைத் தெளிவாக வரையறுத்துக் கொடுத்தார். நடைமுறையில் இதன் பொருள்: சுழலும் விளக்கை மேசை வேலைக்கு என்று ஒதுக்கி வையுங்கள், நாள் முழுக்கக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். ஆனால் குழந்தைக்குத் தேவையானதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஊக்கம் உண்டாக்குவது வேறு விஷயம். பசியையும் ஓய்வையும் அம்மாவின் மடியையும் பேரமாக்கக் கூடாது.

டோக்கன் பலகையை இவனுக்குப் பின்னாலேயே கொண்டுவந்தோம். டோக்கன் என்பது பிறகு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளும் அடையாளம். "பிறகு" என்பது பிடிபடாத குழந்தைக்கு அது வெறும் பிளாஸ்டிக் வில்லை. ஒரு டோக்கனுக்கு உடனே விளக்கு என்று தொடங்கி, அது பிடிபட்டதும் எண்ணிக்கையைக் கூட்டினோம்.

பென்சிலுக்குத் திரும்புதல்

பென்சிலைச் சில வாரம் முழுதாக ஓரம் கட்டினோம். களிமண்ணை அழுத்துவது, கிளிப்பை விரலால் திறப்பது, தடித்த கிரேயானால் தாளைத் தொடுவது என்று விரலுக்கு வேலை கொடுத்தோம். கிரேயான் தாளைத் தொட்டாலே விளக்கு. பிறகு ஏதாவது கோடு விழுந்தால். பிறகு இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்தால். இப்படி இலக்கை நெருங்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் வலுவூட்டல் தந்து, பழைய படிக்கு அதை மெல்ல நிறுத்துவதுதான் ஷேப்பிங். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் இதைச் செய்த புகழ்பெற்ற முன்னோடி நிகழ்வு 1964இல் வெளியானது. கண்புரை அறுவையில் லென்ஸ் அகற்றப்பட்ட மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணாடி அணியாவிட்டால் பார்வை இழப்பான் என்ற நிலை. வுல்ஃப், ரிஸ்லி, மீஸ் மூவரும் வெறும் கண்ணாடிச் சட்டத்தை எடுப்பதற்கும், கையில் வைத்திருப்பதற்கும், கண்ணருகே கொண்டுபோவதற்கும் படிப்படியாக வலுவூட்டி, அவனைக் கண்ணாடி அணியப் பழக்கினார்கள்.

வடிவங்களைப் பிரித்தறிவதை டிஸ்கிரீட் டிரையல் முறையில் கற்றுக்கொடுத்தோம். தெளிவான ஒரு சிறு அறிவுறுத்தல், தேவையானால் ப்ராம்ப்ட், குழந்தையின் பதில், அதற்கு உடனடி விளைவு, சில நொடி இடைவெளி. அவ்வளவுதான் ஒரு டிரையல். "கண்ணா, இதைப் பாரேன், இதுல வட்டம் எது, காட்டு பார்க்கலாம்" என்று நீட்டாமல் "வட்டம்" என்று ஒரு சொல். தொடக்கத்தில் தவறே வராதபடி உதவியை முன்கூட்டியே கொடுப்பது பிழையில்லாக் கற்றல். டெரஸ் 1963இல் புறாக்களிடம் இதைக் காட்டினார். தவறு செய்தால் பதறும் குழந்தைகளுக்கு இது பெரிய நிம்மதி. தெரிந்த வேலைகளுக்கு நடுவே புதியதைக் கலந்து கொடுத்ததும் பதற்றத்தைக் குறைத்தது.

டிரையலை மட்டும் நம்பியிருக்கும் வகுப்புகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேசையில் படத்தைக் காட்டினால் "பந்து" என்று சொல்லும் குழந்தை, பந்து வேண்டும்போது வாய் திறக்காமல் அழும். நடத்தை உளவியலாளர் ஸ்கின்னர் 1957இல் மொழியை அதன் செயல்பாட்டால் பிரித்தார். வேண்டியதைக் கேட்பது மேண்ட், கண்டதைப் பெயர் சொல்வது டாக்ட், கேட்டதைத் திருப்பிச் சொல்வது எக்கோயிக். ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்று எண்ண முடியாது. இந்தச் சிறுவனுக்கு எக்கோயிக் நன்றாக இருந்தது, மேண்ட் மிகக் குறைவு. குமிழிக் குப்பியின் மூடியை இறுக்கி மூடிக் கையில் கொடுத்தோம். அவன் நம்மைப் பார்த்த நொடியில் "திற" என்று சொல்ல, அவன் "திற" என்றான், மூடி திறந்தது. சில நாளில் நாம் சொல்லாமலே வந்தது. அவனுடைய முதல் தன்னிச்சையான வினைச்சொல் அது. எதிரொலிப்பை நிறுத்த வேண்டிய குறையாகப் பார்த்திருந்தால் இந்தப் பாதை அடைபட்டிருக்கும்.

காலணி போடுவதற்குச் செயலைப் படிகளாகப் பிரித்துப் பின்னிருந்து செயினிங் செய்தோம். எல்லாப் படிகளையும் பெரியவர் செய்துவிட்டுக் கடைசிப் பட்டையை ஒட்டுவதை மட்டும் அவனிடம் விடுவது, பிறகு கடைசி இரண்டு, இப்படி. முடித்த திருப்தி முதல் நாளிலேயே கிடைக்கும் என்பதால் எனக்குப் பிடித்த முறை.

வீட்டில் வராதது

வகுப்பில் அட்டை நன்றாக நடந்துகொண்டிருந்தபோது அம்மா வந்து சொன்னார்: "இங்கே அமைதியா இருக்கான்னு சொல்றீங்க மேடம். வீட்ல எல்லாத்தையும் தள்றான்." வீட்டில் அட்டை இருந்தது, அலமாரிக்குள். அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்டோக்ஸ், பேயர் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரை, கற்பித்துவிட்டு மற்ற இடங்களிலும் வரும் என்று நம்பிக் காத்திருப்பதைத்தான் பலரும் செய்கிறார்கள் என்று சுட்டிக்காட்டியது. ஓரிடத்தில் கற்றது மற்ற இடங்களிலும் வருவதைப் பொதுமைப்படுத்தல் என்கிறோம்; அதைத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும். அட்டைக்கு நகல்கள் எடுத்தோம். வீட்டின் எல்லா அறையிலும் ஒன்று. அம்மா, அப்பா, பாட்டி மூவரும் வகுப்புக்கு வந்து ஆளுக்குச் சில முறை அட்டையை வாங்கிப் பழகினார்கள். குளியலுக்கும் தலை வாருவதற்கும் அட்டை செல்லும் என்று முடிவானது. மருந்து சாப்பிடும்போது செல்லாது, அப்போது வேறு நிறத்தில் "முதலில் இது, பிறகு அது" பலகை. பிடிக்காததற்குப் பின் பிடித்ததை வைப்பது பிரீமேக் கொள்கை. டேவிட் பிரீமேக் 1959இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது.

தேர்ச்சிக்கு வைத்த அளவும் இதை ஒட்டியதுதான். 80 அல்லது 90 சதவீதம் சரியாகச் செய்தால் தேர்ச்சி என்று எழுதுவது வழக்கம். ஒரே ஆசிரியரிடம், ஒரே மேசையில் 90 சதவீதம் எடுத்ததை நான் தேர்ச்சி என்று எழுதுவதில்லை. இரண்டு ஆள், இரண்டு இடம், சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு பார்வை. அப்போது நின்றால்தான் தேர்ச்சி.

தொடாமல் விட்டவை

மகிழ்ச்சி வந்தால் இவன் கைகளை விசிறுவான். குறிப்பு அனுப்பிய ஆசிரியர் அதையும் குறைக்கக் கேட்டிருந்தார். அது யாரையும் காயப்படுத்தவில்லை, கற்பதைத் தடுக்கவில்லை. திட்டத்தில் சேர்க்க மறுத்தேன். கண்ணைப் பார்க்க வைப்பதையும் இலக்காக வைக்கவில்லை. கேட்கிறான் என்பதற்குக் கண் மட்டும் சான்றில்லை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. உளவியலாளர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஏபிஏ ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண முதல் வகுப்பில் சேரும் அளவுக்கு முன்னேறினார்கள் என்றார். உலகெங்கும் பெற்றோருக்கு நம்பிக்கை தந்த ஆய்வு. அதே ஆய்வில் உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் பயன்பட்டன. குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்ற விமர்சனமும் உண்டு. அந்தக் காலத்தில் "மற்றவர்களைப் போலத் தெரிவது" இலக்காக இருந்தது. இப்படிப்பட்ட பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள், தங்கள் இயல்பான அசைவுகளை அடக்கி வைக்கக் கற்றதன் களைப்பையும் வலியையும் எழுதியும் பேசியும் வருகிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும். 40 மணி நேரம் என்ற எண்ணைச் சட்டமாகச் சொல்லி ஆறு வயதுக் குழந்தையின் விளையாட்டு நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும் எவரையும் பெற்றோர் கேள்வி கேட்கலாம்.

குழந்தையின் இசைவு என்பதை இப்போது திட்டத்திலேயே எழுதுகிறோம். பெற்றோர் கையெழுத்து போட்டாலும், குழந்தை உட்கார வருகிறதா, விலகுகிறதா என்று ஒவ்வொரு அமர்விலும் பார்ப்பது. மேசைக்குத் தானாக வந்து உட்காருகிறானா என்பதைத் தள்ளுதலின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வரைபடத்தில் குறித்தோம். இரண்டு கோடுகளில் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நடத்தை குறைந்து, வருகையும் குறைந்தால் குழந்தை அடங்கியிருக்கிறது, கற்கவில்லை.

இப்போதைய நிலை

தள்ளுதல் அடிநிலையோடு ஒப்பிட்டால் மிகவும் குறைந்துவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு வருகிறது, பெரும்பாலும் தூக்கம் குறைந்த நாளில். கடித்தல் ஏறக்குறைய நின்றுவிட்டது. அட்டையை அவனே தன் பையிலிருந்து எடுக்கிறான். தடித்த கிரேயானால் நேர்க்கோடும் வட்டமும் போடுகிறான்; பென்சில் இன்னும் வரவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. மேசைக்குத் தானாக வரும் நாட்கள் கூடியிருக்கின்றன.

அடுத்த வகுப்புக்குப் போகும்போது புதிய ஆசிரியருக்கு ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதினோம்: அட்டை எங்கே இருக்கும், நீட்டினால் என்ன செய்ய வேண்டும், வேலைத்தட்டில் எத்தனை துண்டு, கைதட்ட வேண்டாம், கை விசிறுவதைத் தடுக்க வேண்டாம். வேலையை எடுத்துவிடுவதைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில். "உதவி" என்ற இரண்டாவது அட்டையை அறிமுகப்படுத்துவது அடுத்த இலக்கு. இப்போது கடினமான எதைக் கண்டாலும் இடைவேளைதான் கேட்கிறான். விலகாமலே உதவி பெறலாம் என்பதை அவனுக்கு இனிமேல்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.